ஆறடுக்கில் மூன்றாவது சீட்டு

போன மாதம் என் பழைய பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் கரமனையில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஒளிமேசைகளை எல்லாம் எடுத்துவிட்டார்களாம். இப்போது கம்ப்யூட்டர் திரையில் வரைகிறார்கள்.

"சேச்சி, ஆறடுக்கு போர்டுன்னு அடிச்ச உடனே அது வரிசையைக் கேக்குது. எது மேல, எது கீழன்னு. பழைய போர்டுல உள்ளதையே அடிச்சு விட்டுடறோம். அது மதியல்லே?" என்று ஒருத்தி கேட்டாள். போதும்தானே என்கிறாள்.

போதும் என்றோ போதாது என்றோ ஒரு சொல்லில் சொல்ல எனக்கு வரவில்லை. காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். நம் தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டிய பதிலையே இங்கே எழுதுகிறேன். எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் விளக்கம் கூடுதலாக இருக்கும்.

பாலிடெக்னிக் முடித்து, அறுபதுகளின் நடுவில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். என் கணவருக்குச் சாலைக் கடைத்தெருவில் மொத்த வியாபாரி ஒருவரிடம் கணக்கு வேலை. முதலில் ரேடியோவுக்கான போர்டுகள், அதாவது மின்சுற்றைத் தாங்கும் தட்டுகள், வரைந்தோம். ஒரு பக்கம் மட்டும் செம்பு. பிறகு இரண்டு பக்கமும் செம்பு வந்தது. ஒளிமேசை மேல் பிலிமை விரித்து, கம்பி போகும் வழிக்குக் கறுப்பு டேப்பையும், துளை வரும் இடத்துக்கு வட்ட ஒட்டியையும் ஒட்டுவோம். அந்த வட்டங்களை நாங்கள் பொட்டு என்போம். நாள் முழுக்க ஆயிரக்கணக்கில் பொட்டு வைத்ததில் என் கண்பார்வை மங்கிப் போனது. அதனால்தான் காலத்துக்கு முன்பே வேலையிலிருந்து நின்றேன். அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஆறடுக்கு போர்டு வந்தது. இரண்டு பக்கமும் செம்பு உள்ள மூன்று மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒட்டினால் ஆறு செம்புத் தளங்கள் கிடைக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே பிசினில் தோய்த்த கண்ணாடி நார்த் தாள்களை வைத்துச் சூட்டில் அழுத்துவார்கள். பிசின் உருகி, பிறகு கல்லாகிவிடும். வெளிநாட்டில் இதை வேறு விதமாகவும் செய்தார்கள். அதற்கு வேண்டிய மெல்லிய செம்புத் தகடு எங்களுக்குக் கிடைக்காது. ஆகவே எங்களுக்கு எப்போதும் மூன்று பலகை, நடுவில் இரண்டு ஒட்டு.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து எண்ணினால், ஒன்றாம் தளத்துக்கும் இரண்டாம் தளத்துக்கும் நடுவே இருப்பது பலகை. அது செய்து, சோதித்து, விலைக்கு வந்தது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இருப்பது நாங்கள் ஒட்டிய ஒட்டு. அது அன்றைய தினம் எப்படி வந்ததோ அப்படி. எந்தத் தளத்தில் எதை வைப்பது என்ற கேள்வி பாதிக்கு மேல் இதில்தான் இருக்கிறது.

எங்கள் பிரிவுத் தலைவர் ஈப்பன் சார் இதை முடிவு செய்ய ஒரு முறை வைத்திருந்தார். பழைய கோப்பு அட்டைகளை வெட்டிச் சீட்டுகள் செய்திருந்தார். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சீட்டு. பலகைக்கு ஒட்டுப்பலகைத் துண்டு. பிசின் தாளுக்குத் துணித் துண்டு. புதுப் போர்டு தொடங்கும்போது எல்லாரையும் பெரிய மேசையைச் சுற்றி நிற்க வைப்பார். யாரும் உட்காரக் கூடாது. சீட்டு, பலகை, சீட்டு, துணி என்று ஒன்றாம் தளத்திலிருந்து வரிசையாக வைத்துக்கொண்டே வருவார். ஒவ்வொன்றை வைக்கும்போதும் "இவனுக்கு மேலே ஆரு? கீழே ஆரு?" என்று கேட்பார். வரைந்தவர் உரக்கச் சொல்ல வேண்டும். ஆட்சேபம் உள்ளவர் யாராக இருந்தாலும் அந்தச் சீட்டைக் கவிழ்த்துவிடலாம். கவிழ்த்த சீட்டு நிமிரும் வரை தேநீர் வராது. "சீட்டு களிக்கான் விளிக்குந்நு", சீட்டாடக் கூப்பிடுகிறார் என்று அடுத்த பிரிவுக்காரர்கள் எங்களைக் கேலி செய்வார்கள்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மற்றவர் பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். தூங்குகிறாரோ என்று புதிதாக வந்தவர்கள் நிறுத்திவிடுவார்கள். "பறயூ, செவி திறந்நு தன்னெ இருக்கு" என்பார், சொல், காது திறந்தேதான் இருக்கிறது என்று. என்னிடம் மட்டும் தமிழ் கலந்து பேசுவார். சாதாரணமாக நான் 'வடிவு'. கோபம் வந்துவிட்டால் 'மிஸஸ் சண்முகவடிவு'. 

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் உள்ள ஓர் ஆஸ்பத்திரிக்காக ஒரு கருவி செய்யத் தொடங்கினோம். இதய அறுவை முடிந்த குழந்தையின் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி, இதயத் துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி. அவர்களிடம் வெளிநாட்டுக் கருவி ஒன்றுதான் இருந்தது.

குழந்தையின் உடம்போடு சேரும் சுற்று, சுவர் மின்சாரத்தோடு சேரும் சுற்று இரண்டும் அந்த ஒரே போர்டில் இருந்தன. இவை ஒன்றை ஒன்று தொடவே கூடாது. அறுத்துத் தைத்த இதயத்துக்கு மிகச் சிறிய மின்சாரம் போதும். குழந்தைப் பக்கத்துக்கு என்று ஒரு முழுச் செம்புத் தளம் உண்டு. அதைப் 'பிள்ளை' என்போம். கீழே உள்ள மின் இரைச்சல் மேலே ஏறாமல் தடுக்க, கருவியின் உலோகக் கூட்டோடு இணைத்த இன்னொரு தளம் உண்டு. அது 'காவல்'. கூட்டோடு சேர்ந்ததால் அது சுவர் மின்சாரப் பக்கத்து ஆள். சுற்றை வடிவமைத்த ராஜசேகரன் பிள்ளையை இரண்டாம் தளத்திலும் காவலை மூன்றாம் தளத்திலும் கேட்டான்.

ஈப்பன் சார் மூன்றாவது சீட்டை வைத்ததும் நான் கவிழ்த்தேன்.

"என்ன வடிவு?"

"ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல துணிதான் சார் இருக்கு. இவங்க ரெண்டு பேரும் துணிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வேண்டாம். பிள்ளை மூணுல இருக்கட்டும், காவல் நாலுல. நடுவுல பலகை வந்துரும்."

ராஜசேகரன் சிரித்தான். "சேச்சி, பிள்ளை கீழே போனா, மேலே உள்ள கம்பிகள்லேந்து தூரம் கூடும். வார்டில் உள்ள சகல இரைச்சலும் கேறும். கோடு கம்பளிப்பூச்சி மாதிரி ஓடும். டாக்டர் திருப்பி அனுப்பினா சேச்சி போய் சமாதானம் பறயுமோ?"

அவன் சொன்னதிலும் தவறில்லை. முதல் மாதிரியை அந்தக் காரணத்துக்காகத்தான் திருப்பி அனுப்பியிருந்தார்கள். ஈப்பன் சார் கண்ணைத் திறந்தார். பிறகு அந்த ஒட்டில் இரண்டு பிசின் தாளுக்குப் பதில் மூன்று தாள் வைப்பது, ஒவ்வொரு போர்டையும் உயர் மின்னழுத்தத்தில் சோதிப்பது என்று சொல்லி, சீட்டை நிமிர்த்தினார். நியாயமான முடிவுதான். தேநீர் வந்தது. குடித்தேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோமதிக்கு இதயத்தில் துவாரம். பிறந்த சில மாதங்களிலேயே தெரியும். வளரட்டும் என்று டாக்டர்கள் காத்திருந்தார்கள். ஒன்பது வயதில் துலா மழைக் காலத்தில், நம் ஐப்பசியில், அதே ஆஸ்பத்திரியில் அறுவைக்குச் சேர்த்தோம். ஊரில் அந்த வேலைக்கு வேறு இடம் இல்லை. எங்கள் கருவிகள் சோதனைக்காக அங்கே போய்ச் சில நாட்கள் ஆகியிருந்தன. கோடு மெல்லியதாக, சுத்தமாக ஓடுவதாக டாக்டர்களுக்கு மகிழ்ச்சி.

சேர்ப்பதற்கு முந்தின நாள் கேண்டீனில் லீலாம்மாவைப் பார்த்தேன். அழுத்தும் இயந்திரம் அவள் பொறுப்பு. பேச்சு வாக்கில், "ஓணத்துக்கு ஏசி ஓஃப் ஆயிப்போச்சு, தாளெல்லாம் நனஞ்ச பப்படம்" என்றாள். நனைந்த அப்பளமாம்.

நீண்ட விடுமுறைக்கு முன் காவலாளி மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது எங்கள் வழக்கம். தீ விபத்து பயம். பிசின் தாள் இருக்கும் அறையின் குளிர்சாதனமும் அதோடு நின்றுவிடும். இந்த ஊர்க் காற்றில் பிசின் தாள் ஈரத்தைக் குடித்துவிடும். ஆகவே ஓணம் முடிந்து வந்ததும் திறந்த பாக்கெட்டுகளைத் தூக்கி எறிவதும் வழக்கம்.

"தூரப் போட்டீங்கதானே?" என்றேன்.

"எவிடெ! வேற ஸ்டாக் வேண்டாமா? ஓவன்ல உணக்கி எடுத்து உபயோகிச்சோம். டெஸ்ட்ல எல்லாம் பாஸாச்சே."

அடுப்பில் உலர்த்தி, சூட்டோடு அழுத்தி, உடனே சோதித்தால் பாஸாகத்தான் செய்யும். உள்ளே நுண்ணிய வெற்றிடங்கள் இருந்தால் நாள் போகப் போகத்தான் ஈரம் அங்கே சேர்ந்து, பிள்ளைக்கும் காவலுக்கும் நடுவே மின்சாரத்துக்கு வழி விடும். எந்தப் போர்டுகள் என்று கேட்டேன். ஆஸ்பத்திரிப் போர்டுகள்.

மறுநாள் வார்டில் சிஸ்டரிடம் தனியாகச் சொன்னேன். "எங்க பிள்ளைக்கு அந்தப் பழைய ஃபாரின் மிஷினை வச்சிருங்க சிஸ்டர்."

"அம்ம தன்னெ அல்லே புதியதுண்டாக்குந்ந கம்பெனியில்?" என்று அவர் சிரித்தார். புதிதைச் செய்கிற கம்பெனிக்காரி நீதானே என்கிறார். "சரி, பயப்படண்டா. கோமதிக்குப் பழயது. புதியது அடுத்த கட்டில்ல உள்ள சாந்திக்கு."

அதற்குள் சாந்தியின் அம்மா தங்கம் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். போனக்காடு எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவள். அவர்கள் தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கமிருந்து மேலே போன குடும்பம். எங்கள் இருவருக்கும் ஒரே பேச்சு என்பதால் நாங்கள் வந்ததுமே ஒட்டிக்கொண்டாள். சிஸ்டர் சொன்னது பாதி புரிந்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"புது மிஷினு நம்ம பிள்ளைக்கா அக்கா? இருக்கப்பட்டவுகளுக்குத்தான் குடுப்பாவன்னு நெனச்சேன்."

 கணவரை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன்.

லீலாம்மா சொன்னதைக் கேட்டு முடித்ததும் ஈப்பன் சார் கண்ணைத் திறந்தார். "மிஸஸ் சண்முகவடிவு, ஒரு காரியம் கேக்கட்டே? உங்க மகள் அங்கே இல்லன்னா, நீங்க இப்ப இங்க வந்து நிக்குமோ?"

"என் மகளுக்குப் பழைய மிஷின்னு சொல்லிட்டுத்தான் சார் வந்திருக்கேன். அவளுக்கு இனி பயம் ஒண்ணுமில்ல."

அவர் மறுபடி கண்ணை மூடினார்.

"சீட்டை அன்னைக்கே கவிழ்த்தேன் சார். நிமிர்த்தினது நீங்க."

அப்படிப் பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அறையில் ராஜசேகரனும் இருந்தான். அவன் தரையைப் பார்த்தான். ஈப்பன் சார் எழுந்து, மேசையில் கிடந்த ஜீப் சாவியை எடுத்தார். "வடிவு, வண்டியில கேறு" என்றார்.

ஆஸ்பத்திரியில் எங்கள் கருவிகளின் பிளக்கை அவரே பிடுங்கினார். பெரிய டாக்டர் வந்து கத்தினார். "ஒரே ஒரு மெஷீனை வச்சு நான் குழந்தைகள் ஆபரேஷன் லிஸ்ட் போட மாட்டேன் ஈப்பன். அது எமர்ஜென்சிக்கு வேணும். ரெண்டாவது வரட்டும், அப்ப பார்க்கலாம்." இது நான் எதிர்பார்க்காதது. கோமதியையும் சாந்தியையும் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கம் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டிருந்தாள். "இந்த மழையில மறுபடியும் மேல ஏறணும் அக்கா. அந்த மிஷினைத் தூக்கிட்டுப் போனது யாருன்னு தெரியுமா?"

"எங்க ஆபீஸ்தான்."

"கெட்டுப் போச்சா?"

"கெடல. கெட்டுப் போகுமோன்னு சந்தேகம்."

"சந்தேகமா?" அவள் மூட்டையின் முடிச்சை இன்னும் இறுக்கினாள். "உங்களுக்கு வீடு இங்கனயே இருக்கு. பிள்ளைக்கு மூச்சு முட்டினா அஞ்சு நிமிசத்துல வந்துருவிய. நாங்க பஸ்ஸு வாற வரைக்கும் சந்தேகப்பட்டுக்கிட்டே நிக்கணும்." சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

அதே தாளில் செய்த உபரிப் போர்டுகளை ஈரமும் சூடும் உள்ள பெட்டியில் வைத்து, தினமும் இரண்டு தளங்களுக்கும் நடுவே மின்காப்பு எப்படி இருக்கிறது என்று அளந்தோம். முதல் நாள் ஒன்றும் அசையவில்லை. அடுத்த நாளும் இல்லை. "சேச்சியோட போர்டுக்கு நம்மளைவிட ஆரோக்கியம்" என்றான் ராஜசேகரன். அவனுக்கும் தூக்கமில்லை என்று முகத்தில் தெரிந்தது. வாரம் முடிந்தது. வீட்டில் கோமதி குளியலறைக்கு நடந்து போய் வருவதற்குள் நகக்கண் நீலமாகியது. கணவர் பேப்பரை மடித்துவிட்டு ஒருநாள் கேட்டார்.

"அந்தப் போர்டு நல்லாத்தான் இருக்குன்னு வந்துட்டா என்னட்டி செய்வ?"

"நல்லா இருந்தா நல்லதுதானே."

"அப்ப வீணாப் போன நாளுக்கெல்லாம்? யாரு பொறுப்பு?"

அந்த வாரம் முழுதும் நான் போர்டு கெட வேண்டும் என்று விரும்பினேனா, கெடக் கூடாது என்று விரும்பினேனா என்பதை இன்று யோசித்தாலும் என்னால் பிரிக்க முடியவில்லை. அந்த எண்ணம்தான் இத்தனை வருடங்களுக்குப் பிறகும் என்னை விடியற்காலையில் எழுப்பி, கோமதி படுத்திருக்கும் அறைவாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. அவள் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். "என்னம்மா, எண்ணுதியா?" என்று கண்ணை மூடியபடியே கேட்பாள், நான் மூச்சை எண்ணுகிறேன் என்று தெரிந்து.

மறுவாரம் ஒரு போர்டு விழுந்தது. முந்தின நாள் வரை சரியாக இருந்தது. அன்று அளவுமானியின் முள் கீழே இறங்கி அங்கேயே நின்றது. இரண்டு நாளில் இன்னொன்று. மற்றவை கடைசி வரை நன்றாகவே இருந்தன. ஆஸ்பத்திரியில் இருந்த கருவிகளுக்குள் எந்த வகை இருந்தது என்பதை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. ஈப்பன் சார் விழுந்த போர்டைக் குறுக்கே அறுத்து, வெட்டு முகத்தை உரசி மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டாவது தளத்துக்கும் மூன்றாவது தளத்துக்கும் நடுவே பிசின் வெளுத்து, பொரிந்த பப்படம்போல் நுரைத்திருந்தது. "கண்டோ" என்று மட்டும் சொல்லி நகர்ந்து, எனக்கு இடம் விட்டார். பார்த்துவிட்டு ராஜசேகரனுக்கு விட்டேன். அவன் வெகுநேரம் குனிந்திருந்தான்.

மறுபடி மேசையைச் சுற்றி நின்றோம். பிள்ளை மூன்றில், காவல் நான்கில், நடுவே பலகை. ராஜசேகரன் ஒரே ஒரு விஷயம் சொன்னான்.

"சார், கோடு தடிக்கும். டாக்டர்ஸ் முறுமுறுப்பாங்க."

"முறுமுறுக்கட்டே" என்றார் ஈப்பன் சார்.

யாரும் கவிழ்க்கவில்லை. ஒளிமேசையில் முதலிலிருந்து டேப் ஒட்டினேன். பிசின் தாள் அறைக்குத் தனி சுவிட்ச் போட்டு, அதன் மேல் எந்த விடுமுறைக்கும் அணைக்கக் கூடாது என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினார்கள். புதுப் போர்டுகளும் ஈரப்பெட்டியில் இருந்துவிட்டு வந்தன. ஒன்றும் விழவில்லை.

மழை விட்டு, பனி இறங்கத் தொடங்கியபோது இரண்டாவது கருவி ஆஸ்பத்திரிக்குப் போனது. குழந்தைகளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். தங்கத்தை வார்டில் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. சாந்தி மெலிந்திருந்தாள். ஆனால் இருந்தாள். கோமதிக்குக் காலையில் அறுவை, சாந்திக்கு மதியம்.

அதே சிஸ்டர் ஏட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். "கோமதிக்குப் பழயது, அல்லே? அம்ம அன்னு பறஞ்சிருந்நு."

"இல்ல சிஸ்டர். எங்க பிள்ளைக்குப் புதுசை வைங்க. பழசு சாந்திக்கு இருக்கட்டும்."

கணவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "உனக்குக் கிறுக்கா? பழசு கெடக்குல்லா? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இந்த வேலை?"

"அதுக்குள்ள எது மேல எது கீழன்னு எனக்குத் தெரியாதுங்க. இதுல தெரியும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு கையை விட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

அன்று சாயங்காலம் இரண்டு அறுவைகளும் முடிந்திருந்தன. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க மட்டும் விட்டார்கள். தங்கமும் நானும் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். உள்ளே இரண்டு கட்டில்கள், இரண்டு திரைகள். சாந்தியின் திரையில் கோடு மெல்லிய நூலாக ஓடியது. கோமதியின் கோடு தடித்து, ஓரமெல்லாம் சிலும்பி, நடுங்கிக்கொண்டே ஓடியது. ராஜசேகரன் சொன்ன கம்பளிப்பூச்சிதான்.

தங்கம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் விரல்கள் என் முழங்கையை இறுக்கிப் பிடித்தன.

"அக்கா, உங்க பிள்ளைக்கு மட்டும் ஏன் கோடு இப்படி நடுங்குது? டாக்டரைக் கூப்பிடட்டா?"

"வேண்டாம் தங்கம்" என்றேன். "அது அப்படித்தான் நடுங்கணும்."